1978 தேதியிட்ட மைக்ரோசாஃப்ட் கடிதம்: கையெழுத்து அசலா?

பழையதாள்:
வணக்கம். தொழில்நுட்ப நிறுவனங்களின் ஆரம்பகாலக் கடிதங்கள், காசோலைகள் என்று கையெழுத்திட்ட தாள்களைச் சேகரிக்கிறேன். இப்போது ஒரு மைக்ரோசாஃப்ட் கடிதம் விற்பனைக்கு வந்திருக்கிறது. தேதி அக்டோபர் 1978, கீழே பில் கேட்ஸ் கையெழுத்து. அசல்தான் என்று விற்பவரே ஒரு சான்றிதழும் தருகிறாராம். கேட்ஸின் வேறொரு கையெழுத்தின் படத்தை இதன்மேல் வைத்துப் பார்த்தேன், கோட்டுக்குக் கோடு பொருந்துகிறது. ஆனாலும் ஏதோ இடிக்கிறது. வேறு எதைப் பார்க்க வேண்டும்?

மைத்துளி:
கையெழுத்தைக் கடைசியில் பாருங்கள். போலி செய்பவர் தன் உழைப்பை எல்லாம் அதில் போட்டுவிட்டு, தலைப்புத்தாளில் கோட்டை விடுவார். மேலே என்ன முகவரி?

பழையதாள்:
வாஷிங்டன் மாநிலம், பெல்வியூ. தொலைபேசி எண் 206-ல் தொடங்குகிறது.

மைத்துளி:
பகுதிக் குறியீடு 206 சரிதான், அந்தப் பக்கத்துக்கு 425 வந்தது 1997-ல். முகவரிதான் உதைக்கிறது. 1978-ல் அவர்கள் நியூ மெக்சிகோவின் அல்புகர்க்கியில் இருந்தார்கள். பெல்வியூவுக்குப் போனது 1979 ஜனவரியில்.

கோப்புக்காரன்:
அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடாதீர்கள். இடம் மாறப்போகிறவர்கள் தாளை முன்கூட்டியே அச்சடித்து வைப்பது உண்டு. அஞ்சல் குறியீடு எத்தனை இலக்கம்?

பழையதாள்:
98004, ஒரு கோடு, அப்புறம் இன்னும் நான்கு இலக்கம்.

கோப்புக்காரன்:
சரி, கதை முடிந்தது. அமெரிக்காவில் ஒன்பது இலக்கக் குறியீடு வந்ததே 1983-ல். வாங்காதீர்கள்.

பழையதாள்:
நல்லவேளை! ஆனால் கையெழுத்து அவ்வளவு பொருந்துகிறதே?

மைத்துளி:
அதுவே கெட்ட அறிகுறி. யாரும் இரண்டு முறை ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. அச்சு அசலாக ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்தால், ஒன்று பார்த்து வரைந்தது, இல்லையென்றால் ஒரே கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் போடும் ஆட்டோபென் இயந்திரம் போட்டது. இயந்திரக் கோட்டில் அழுத்தம் ஒரே சீராக இருக்கும். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் புள்ளி விழுந்திருக்கும். லென்ஸில் பார்த்தால் தெரியும். விற்பவர் தானே எழுதிக் கொடுக்கும் சான்றிதழுக்கு மதிப்பே இல்லை. கையெழுத்தைச் சரிபார்க்கும் பி.எஸ்.ஏ., ஜே.எஸ்.ஏ. போன்ற மூன்றாம் தரப்பின் சான்று வேண்டும். அதைவிட, அந்தக் கடிதம் யாருக்குப் போனது, அவரிடமிருந்து எப்படிக் கைமாறி வந்தது என்ற வரலாறு இருந்தால் நல்லது.

கோப்புக்காரன்:
ஆப்பிள் தாள்களுக்கும் இதே சோதனைதான். 1977 ஜனவரி 3-ல்தான் அது கூட்டாண்மையிலிருந்து பதிவு பெற்ற நிறுவனமாகி 'ஆப்பிள் கம்ப்யூட்டர், இங்க்.' ஆனது. 1976 காசோலையில் அந்தப் பெயர் இருந்தால் நகர்ந்துவிடுங்கள். வங்கியில் கொடுத்துப் பணமாக்கப்பட்ட காசோலை என்று சொன்னால், கீழே வலது மூலையில் காந்த மையில் தொகை அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் முத்திரை மட்டும் இருந்தால் எனக்குச் சந்தேகம் வரும். தட்டச்சு எழுத்து என்றால் தாளின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்படலாம். ஆப்பிளின் 1976 ஏப்ரல் 1 கூட்டாண்மை ஒப்பந்தம் 2011-ல் சாதபீஸ் ஏலத்தில் சுமார் 15.9 லட்சம் டாலருக்குப் போனது. அதை முன்பு ஆப்பிளைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ரொனால்ட் வெய்ன் விற்றது 500 டாலருக்கு. இவ்வளவு பணம் புரளும் இடத்தில் போலி வராமல் இருக்குமா?

பழையதாள்:
இன்னொன்று. என்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு 1982 வேலை நியமனக் கடிதம் பழைய பிளாஸ்டிக் உறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறையும் பிசுபிசுக்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

மைத்துளி:
வேண்டாம்! அது பி.வி.சி. உறையாக இருக்கும், மையைத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். கையெழுத்து இருக்கும் இடம் ஒட்டியிருந்தால் காகிதப் பாதுகாப்பு வல்லுநரிடம் கொடுங்கள். தானாக விடுபட்டால் பாலியெஸ்டர் உறையும் அமிலமற்ற அட்டையும் போதும். துருப்பிடித்த கிளிப் இருந்தால் எடுத்துவிடுங்கள். லாமினேட் மட்டும் செய்யவே செய்யாதீர்கள். சுவரில் மாட்ட ஆசை என்றால் நகலை மாட்டுங்கள், வெளிச்சத்தில் மை வெளுத்துப்போகும்.

கோப்புக்காரன்:
சேகரிப்பில் பழைய ஃபேக்ஸ் தாள்கள் இருந்தால் இன்றே ஸ்கேன் செய்துவிடுங்கள். அந்த வெப்பத்தாள் இருட்டுப் பெட்டியில் இருந்தாலும் எழுத்து மங்கிவிடும்.