அலுவலகக் கையெழுத்துக்கு எந்த நீல மை?

கேள்வி: மும்பை ஃபோர்ட்டில் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுக்க வவுச்சரில் கையெழுத்து. ஊற்றுப் பேனாவில் இப்போது ஊற்றுவது ராயல் ப்ளூ மை. நிறம் அவ்வளவு பிடிக்கும். ஆனால் மழைக்காலத்தில் ஈரக் கை பட்டாலே கரைகிறது. வேறு எது வாங்கலாம்?

பதில்: பெலிக்கான் கம்பெனியின் 4001 வரிசை மையில் ப்ளூ பிளாக் பாருங்க சார். அதில் இரும்பு உண்டு. எழுதும்போது நீலமாக இருக்கும். காற்றுப் பட்டுக் கறுத்து, தாளைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் பட்டுச் சாயம் போனாலும் எழுத்து மிஞ்சும். மட்டமான தாளிலும் அதிகம் பரவாது. பேனாவுக்குள் மட்டும் காயவிடாதீர்கள், அவ்வப்போது கழுவுங்கள்.

இன்னொரு பதில்: அதே 4001-இல் ராயல் ப்ளூ வேண்டாம். மை அழிப்பானால் அழிந்துவிடும். குறிப்பெழுத அருமை, காசோலைக்கு ஆகாது.

கேட்டவர்: சரி, வவுச்சருக்கு ப்ளூ பிளாக், டைரிக்கு ராயல் ப்ளூ. மாட்டுங்காவில் கிடைக்குமா?