முஸ்தபா எங்கே விளம்பரம் செய்தது?

கல்லாப்பெட்டி: நேற்று ஒரு வாட்ஸப் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தார், வருமானத்தில் பத்தில் ஒரு பங்கை மார்க்கெட்டிங்குக்கு ஒதுக்காத கடை மூன்று வருஷம் தாண்டாதாம். படித்ததிலிருந்து எரிச்சல். சிங்கப்பூர் தேக்காவில் பதினெட்டு வருஷமாகச் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன், ஒரு துண்டுத்தாள்கூட அடித்ததில்லை. சரி, என்னை விடுங்கள். இங்கே முஸ்தபா பேரங்காடி 1971-ல் கேம்பல் லேனில் சின்னத் துணிக்கடை, 1995-ல் சையது ஆல்வி ரோட்டில் அவ்வளவு பெரிய கட்டடம். எந்த விளம்பரத்தைப் பார்த்து அங்கே போனீர்கள்? ஒருவராவது சொல்லுங்கள்.

ஈசூன்வாசி: அந்தத் தம்பி நான்தான். இங்கே வந்து போட்டுக்கொடுக்காமல் அங்கேயே கேட்டிருக்கலாம். பையைப் பார்த்துத்தான் போனோம் அண்ணே. திருச்சி ஏர்போர்ட்டில் சாமானுக்காக நிற்கும்போது பாருங்கள், எத்தனை முஸ்தபா பை கண்ணில் படும் என்று. எங்கள் அப்பத்தா அந்தப் பையில் பழைய சேலையைப் போட்டுப் பரண்மேல் வைத்திருந்தார். காசில்லாத விளம்பரம்.

கல்லாப்பெட்டி: பை சாமான் போடத்தான். வெளியே வரும்போது பை வாயைக் கேபிள் டை போட்டு இறுக்குகிறார்களே, அதுவும் மார்க்கெட்டிங்கா? வீட்டுக்கு வந்து கத்தரிக்கோல் தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

கணக்குப்புலி: விளம்பரம் வேறு, மார்க்கெட்டிங் வேறு. விலை, இடம், நேரம் எல்லாமே அதில் அடக்கம். 2003-லிருந்து கொரோனா வரும்வரை 24 மணி நேரமும் திறந்து வைத்திருந்தார்களே, நடுராத்திரி பற்பசை வாங்கப் போனவர் எத்தனை பேர்? அதுதான்…

கல்லாப்பெட்டி: பாடம் வேண்டாம் லா. பை விளம்பரமா, இல்லையா? ஒரே வார்த்தை.

செந்தமிழ்: ஆளாளுக்கு "மார்க்கெட்டிங்" என்கிறீர்கள். சந்தைப்படுத்துதல் என்று எழுதக் கை வராதா?

கல்லாப்பெட்டி: சந்தைப்படுத்துதல் என்று போர்டு வைத்தால் மீன் வாங்க வருவார்கள் டீச்சர்.

செந்தமிழ்: நான் டீச்சர் இல்லை.

மீகோரெங்: சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் சோயா சாஸ் கோழிச்சோற்றுக் கடையை மறந்துவிட்டீர்களா? 2016-ல் மிச்செலின் உணவு வழிகாட்டியின் நட்சத்திரம் கிடைத்ததும் இரண்டு வெள்ளி (டாலர்) சோற்றுக்கு உலகமே வந்து நின்றது. கோழி அதே கோழி. பெயர் வெளியே தெரிந்தது, அவ்வளவுதான்.

கல்லாப்பெட்டி: நட்சத்திரம் என்ன காசு கொடுத்து வாங்கியதா? சமையல் நன்றாக இருந்தது, தேடி வந்து கொடுத்தார்கள். 2021-ல் அது போயும்விட்டது, கடையா மூடிவிட்டது? இந்த மார்க்கெட்டிங் ஆட்கள் பேச்சைக் கேட்டு என் மச்சான் ஒரு டெலிவரி ஆப்பில் சேர்ந்தார். புதுக் கூட்டம் வரும் என்றார்கள், வந்தது. கமிஷன் முப்பது விழுக்காடு. வாடகை, ஆள் சம்பளம் போகப் பிரியாணியில் அவருக்கு மிஞ்சியது பட்டையும் கிராம்பும்தான். அது கிடக்கட்டும், பையைப் பற்றிக் கேட்டேன், இன்னும் பதில் காணோம்.

ஈசூன்வாசி: பதில் முதலிலேயே சொல்லியாயிற்று, மேலே போய்ப் படியுங்கள். நான் ஒன்று கேட்கிறேன். துண்டுத்தாள்கூட அடிக்காத நீங்கள் போன தீபாவளிக்கு "முறுக்கு, அதிரசம், முந்துபவருக்கே" என்று எனக்கு ஏழு தடவை வாட்ஸப் அனுப்பினீர்களே, அது என்ன?

கல்லாப்பெட்டி: அது தகவல்.

மீகோரெங்: 😂😂

கல்லாப்பெட்டி: சிரிக்காதீர். தெரிந்தவர்களுக்குச் சொல்வது விளம்பரம் ஆகாது. அதுவும் அனுப்பியது என் மகள்.

கணக்குப்புலி: தெரிந்தவர் மூலம் பரவுவதும் மார்க்கெட்டிங்தான், அதைத்தான் நான் முதலில்…

கல்லாப்பெட்டி: உங்களை யார் கேட்டது? ஈசூன் தம்பி, முறுக்குப் பேச்சை எடுத்ததால் சொல்கிறேன், அந்த இரண்டு டின்னுக்குப் பதினைந்து வெள்ளி இன்னும் வரவில்லை. கடன் வைத்துவிட்டு எனக்கு வியாபாரம் கற்றுத் தருகிறார்!

ஈசூன்வாசி: பாதி முறுக்கு உடைந்திருந்தது, அன்றைக்கே சொன்னேன். அப்புறம் அது வந்த பையில் உங்கள் கடைப் பெயரும் போன் நம்பரும் பெரிதாக அச்சடித்திருந்தது. படம் போடட்டுமா?

கல்லாப்பெட்டி: அது மொத்தமாக வாங்கியபோது பைக்காரர் சும்மா அடித்துக் கொடுத்தது, நான் கேட்கவில்லை. பதினைந்து வெள்ளி எங்கே?