புதுப்பிப்பு: கந்தகம் பட்ட மாங்கனீசு வினையூக்கி மீளுமா?

100 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையிலான புகைவாயுவில், அமோனியாவின் துணையோடு நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாக மாற்றும் மாங்கனீசு ஆக்சைடு வினையூக்கி, சல்ஃபர் டை ஆக்சைடு பட்டதும் செயலிழப்பதைப் பற்றி இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். சூடேற்றினால் அது மீளுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார்.

எது படிந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. அமோனியாவும் கந்தக ஆக்சைடும் சேர்ந்து உருவாகும் அமோனியம் பைசல்ஃபேட் என்றால் பெரும்பாலும் மீளும். 147 டிகிரியில் உருகும் இந்த உப்பு, பிசுபிசுப்பான திரவமாக நுண்துளைகளை அடைத்துக்கொண்டாலும், 400 டிகிரியை ஒட்டிச் சூடேற்றும்போது சிதைந்து வெளியேறிவிடுகிறது. உண்மையான தலைவலி, மாங்கனீசே சல்ஃபேட்டாக மாறிவிடுவதுதான். அதைச் சிதைக்க 700 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பம் தேவைப்படுவதோடு, அந்தச் சூட்டில் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, வினை நடக்கும் பரப்பே சுருங்கிப்போகும்.

நீரில் கழுவலாமே என்று தோன்றும். அமோனியம் உப்புகள் கரைந்து போகும் என்பது சரிதான். ஆனால் மாங்கனீசு சல்ஃபேட்டும் நீரில் எளிதில் கரையக்கூடியது என்பதால், வேலை செய்ய வேண்டிய உலோகமே கழுவுநீரோடு போய்விடுகிறது.

வினையூக்கியில் சீரியம் என்ற உலோகத்தையும் சேர்த்தால், கந்தகம் முதலில் சீரியத்தோடு வினைபுரிவதால் மாங்கனீசு சில காலம் தப்பிக்கிறது. இதை நான் தீர்வு என்று சொல்லமாட்டேன், தள்ளிப்போடுதல் என்பேன். நிலக்கரி உலைகளில், கந்தகம் நீக்கும் அமைப்பைக் கடந்து வரும் வாயுவுக்கு இந்த வினையூக்கியைப் பயன்படுத்துவதே இப்போதைக்கு நடைமுறைக்கு ஏற்றது. அங்கும் எஞ்சிய கந்தகத்தைக் கணக்கில் கொண்டே அதன் ஆயுளை மதிப்பிட வேண்டும்.