சித்திரை வெயிலில் எனக்குக் குளிர்கிறது, ரிப்போர்ட்டோ நேர்மாறாகச் சொல்கிறது

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன், வயது 43. ஆறு வருடங்களாகத் தைராய்டு குறைவுக்குத் தைராக்சின் 75 மைக்ரோகிராம், விடிகாலையில் வெறும் வயிற்றில். காபிகூட ஒரு மணி நேரம் கழித்துத்தான்.

ஊரே விசிறியைத் தேடும் இந்தச் சித்திரையில், வீட்டு ஆத்தங்குடிக் கல்லில் என்னால் வெறுங்காலை வைக்க முடியவில்லை; பாதம் சில்லிட்டுப் போகிறது. மலச்சிக்கல், முகவீக்கம், உட்கார்ந்த இடத்திலேயே தூக்கம். சீப்பை எடுத்தால் கொத்தாக முடி. ‘வேலை செய்யாமல் படுத்தால் இப்படித்தான்’ என்கிறார் மாமியார். அது வேறு கதை.

ஆனால் ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு கூடினால் இது குறையும்) 0.2, ஆய்வகத்தின் வரம்பு 0.4 முதல் 4.0. எஃப்.டி.4 என்ற தைராய்டு ஹார்மோனோ வரம்புக்கு மேல். அதாவது தைராய்டு அதிகமாம்! அப்படியென்றால் படபடப்பும் வியர்வையும் எடை இறக்கமும் அல்லவா வர வேண்டும்? நான் நான்கு கிலோ ஏறியிருக்கிறேன். மருத்துவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. மாத்திரையை 50 ஆகக் குறைத்துவிட்டார்.

நேற்றுதான் பொறி தட்டியது. முடி உதிர்வுக்காக மூன்று மாதமாகத் தினமும் பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம் விழுங்குகிறேன். சில பரிசோதனை முறைகளில் அது குறுக்கிட்டு, டி.எஸ்.எச். அளவைக் குறைத்தும் எஃப்.டி.4 அளவைக் கூட்டியும் காட்டுமாம். வைட்டமின்தானே என்று மருத்துவரிடம் சொல்லவே இல்லை. இப்போது சொல்லி மறுபரிசோதனை கேட்கப் போகிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்ததா? எத்தனை நாள் முன்பே பயோட்டினை நிறுத்தச் சொன்னார்கள்? மதுரைப் பக்கம் நிதானமாகக் காது கொடுக்கிற ஹார்மோன் மருத்துவர் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள், ஆச்சிமார்களே.