கேனோபிக்குள் ஃபிரிட்ஜ்: விசிறி காற்றை வெளியே தள்ள வேண்டுமா, உள்ளே தள்ள வேண்டுமா?

செம்மண்தடம் (அடிலெய்ட்):
யூட் என்னும் சிறு சரக்கு வண்டியின் பின்புறத்தில் பொருத்தும் மூடிய தகட்டு அறையான கேனோபியில் ஃபிரிட்ஜ் வைப்பது பற்றி நெய்தல்மகன் நேற்று எழுதியதைப் படித்தபின் வாளாவிருக்க என்னால் முடியவில்லை. "கேனோபியின் பின்மேல் மூலையில் 12 செ.மீ. கணினி விசிறி ஒன்றை வெளிநோக்கிப் பொருத்தினால் போதும், வேறெதுவும் தேவையில்லை" என்று அவர் உறுதியாக எழுதியிருக்கிறார். புதிதாக வண்டி வாங்கியவர்கள் இதை நம்பித் தகட்டில் துளை போட்டுவிடுவார்கள் என்பதால்தான் எழுதுகிறேன்.

தெற்கு ஆஸ்திரேலியாவில் மாரீயிலிருந்து மார்லா வரை செல்லும் ஊட்னடாட்டா தடம் சுமார் 620 கி.மீ. நீளமுள்ள மண்சாலை. அங்கே நான் முதன்முதலில் சென்றபோது என் கேனோபியிலும் இதே போன்ற வெளித்தள்ளும் விசிறிதான் இருந்தது. வழியிலுள்ள வில்லியம் கிரீக்கில் நிறுத்திப் பின்கதவைத் திறந்தால், அரிசி மூட்டை முதல் படுக்கை வரை எல்லாவற்றின்மீதும் செம்மண் மாவு போலப் படிந்திருந்தது. ஃபிரிட்ஜின் சூட்டை வெளியே விடும் கண்டென்சர் தகடுகளுக்கு நடுவே விரலால் வழித்தெடுக்கும் அளவுக்குத் தூசி. 3 டிகிரியில் வைத்திருந்த பெட்டி 11 டிகிரியில் நின்றது, இறைச்சி முழுவதையும் எறிந்தோம்.

ஓடும் வண்டியின் பின்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. சக்கரங்கள் கிளப்பும் தூசி அங்கேதான் சுழல்கிறது. விசிறியும் உள்ளிருந்து காற்றை வெளியே தள்ளினால் கேனோபிக்குள் அழுத்தம் மேலும் குறையும். அவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வெளியேறும் அந்தக் காற்றுக்கு ஈடாக, எந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே வருகிறது?

நெய்தல்மகன் (பிரிஸ்பேன்):
நான் சொன்னது நிறுத்தி வைத்த வண்டியைப் பற்றி. கடந்த டிசம்பரில் குயின்ஸ்லாந்தின் உள்நாட்டு ஊரான லாங்ரீச்சில் நிழலில் 41 டிகிரி இருந்த பிற்பகலில், விசிறி இல்லாமல் கேனோபிக்குள் 58 டிகிரி காட்டியது. விசிறியை ஓடவிட்டபின் 49-க்கு இறங்கியது. இதை நானே இரண்டு வெப்பமானிகளை வைத்துப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் தன் முதுகுப்புறம் கக்கும் சூடு மேலே எழுந்து கூரையடியில் தேங்குகிறது, மேலே இருக்கும் விசிறி அதை வெளியேற்றுகிறது. இது சிறு பிள்ளைக்கும் விளங்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் மின்கம்பி இணைப்பையும் இப்படித்தான் எல்லோர் முன்னிலையிலும் தவறென்றார் செம்மண்தடம். அந்த இணைப்பு இன்றுவரை ஒழுங்காக ஓடுகிறது. கோடையின் உண்மையான சூட்டைக் குயின்ஸ்லாந்தின் உட்பகுதிக்கு வந்து பார்த்துவிட்டு அவர் எழுதினால் நன்றாக இருக்கும்.

வெப்பக்கணக்கு (மெல்பேர்ன்):
முதலில் நாம் எதைக் குளிர்விக்க விரும்புகிறோம் என்பதை வரையறுப்போம்: கேனோபியின் காற்றையா, ஃபிரிட்ஜின் உள்ளிருக்கும் உணவையா? இரண்டும் ஒன்றல்ல.

மூடிய கேனோபிக்குள் ஃபிரிட்ஜ் நிலையாக ஓடிக்கொண்டிருக்கும்போது, அது வெளியே தள்ளும் வெப்பத்தில் பெரும்பங்கு அதே கேனோபியிலிருந்து அதன் சுவர் வழியாகக் கசிந்து உள்ளே சென்றதுதான். ஆகவே கேனோபிக்குப் புதிதாகச் சேரும் வெப்பம் கம்ப்ரசர் உண்ணும் மின்சாரத்தின் அளவே: ஓடும்போது ஏறத்தாழ 45 வாட். மாறாக, உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1000 வாட் விழுகிறது. 1.8 மீட்டர் நீள அகலமுள்ள கூரை என்றால் 3200 வாட்டுக்கு மேல். கறுப்பு வண்ணக் கூரை அதில் பெரும்பகுதியை உறிஞ்சுகிறது. வெள்ளைக் கூரை பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. உறிஞ்சியதெல்லாம் உள்ளே இறங்குவதில்லை என்றாலும், எதிரி யார் என்பது இதிலேயே தெரிகிறது.

தடையில்லாத இடத்தில் 12 செ.மீ. விசிறி மணிக்குச் சுமார் 120 கன மீட்டர் காற்றை நகர்த்தும். உள்ளும் புறமும் ஒரு டிகிரி வேறுபட்டால் அந்தக் காற்று 40 வாட் வெப்பத்தை எடுத்துச் செல்லும். நெய்தல்மகன் சொன்ன 8 டிகிரி வேறுபாட்டில் 320 வாட். அவர் விசிறி வெளியேற்றியதில் மிகப்பெரும் பங்கு வெயிலின் சூடுதான், ஃபிரிட்ஜின் சூடு அன்று. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஃபிரிட்ஜின் தகட்டில் வெப்பமண்டல வகுப்பு என்று குறித்திருந்தாலும் அது 43 டிகிரிச் சுற்றுச்சூழல் வரைக்கும்தான். விசிறி ஓடியபின்பும் அவருடைய கேனோபி 49-ல் நிற்கிறது.

செம்மண்தடம்:
கணக்குக்கு நன்றி. ஆனால் அந்தக் கணக்கிலேயே என் கேள்வி இருக்கிறது. மணிக்கு 120 கன மீட்டர் வெளியே போனால் 120 கன மீட்டர் உள்ளே வந்தாக வேண்டும். எந்தத் துளை வழியாக? பின்கதவின் இடுக்கு, தரையின் நீர்வடி துளை, கேபிள் நுழையும் ஓட்டை ஆகியவற்றின் வழியாக என்றால், அவை எல்லாமே தூசி நிற்கும் இடங்கள்.

லாங்ரீச்சுக்குப் பிரிஸ்பேனிலிருந்து கடைசி வரை தார்ச்சாலையிலேயே போய்விடலாம். அங்கே தூசி வராததில் விசிறியின் பெருமை எதுவும் இல்லை. சூட்டைப் பற்றிப் பேசியதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: அடிலெய்டில் 2019 ஜனவரி 24 அன்று 46.6 டிகிரி பதிவானது. ஊட்னடாட்டாவில் 1960 ஜனவரி 2 அன்று 50.7. இரண்டும் தெற்கு ஆஸ்திரேலியாவில்தான் இருக்கின்றன. சூட்டைக் கற்றுக்கொள்ள நான் எங்கும் வரவேண்டியதில்லை.

நெய்தல்மகன்:
என் விசிறிக்குச் சுவிட்ச் இருக்கிறது. மண்சாலையில் இறங்கும்போது அணைத்துவிடுவேன். இதற்காக இவ்வளவு நீளமாக எழுத வேண்டுமா?

செம்மண்தடம்:
வேண்டும். "வேறெதுவும் தேவையில்லை" என்று எழுதியபோது சுவிட்ச் பற்றி ஒரு சொல்லும் இல்லை, இப்போதுதான் வருகிறது. நாள் முழுவதும் மண்சாலையில் ஓடும்போது வெயிலும் கூரைமேல்தான் அடிக்கிறது. அத்தனை மணிநேரம் விசிறியை அணைத்து வைத்தால் அந்த விசிறியால் பயன் என்ன?

நான் செய்திருப்பது இது. கேனோபியின் முன்சுவரில், ஓட்டுநர் அறையின் கூரைக்கு மேலே தூசி குறைந்த உயரத்தில் ஒரு நுழைவாய் வைத்து, அதில் எண்ணெய் தடவிய ஃபோம் வடிகட்டி பொருத்தி, விசிறியை உள்நோக்கி வைத்திருக்கிறேன். உள்ளே அழுத்தம் சற்றுக் கூடுவதால், எல்லா இடுக்குகளிலும் காற்று வெளிநோக்கியே கசிகிறது. வண்டி நின்றாலும் ஓடினாலும் விசிறி நிற்பதில்லை. மாரீயிலிருந்து பேர்ட்ஸ்வில் வரையான 517 கி.மீ. தடத்தை முடித்துவிட்டுக் கதவைத் திறந்தபோது, ஃபிரிட்ஜின் மூடியை வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணி வெள்ளையாகவே இருந்தது. ஒவ்வொரு மாலையும் வடிகட்டியைக் கழுவ வேண்டும், அந்த உழைப்பு உண்டு என்பதை மறைக்கவில்லை.

வன்னிக்காடு (பெர்த்):
தம்பிமார் இருவரும் துளையிலேயே நிற்கிறீர்கள். 49 டிகிரியில் நின்றால் விசிறி எந்தத் திசையில் சுழன்றால்தான் என்ன? கூரைக்கு நிழல் கொடுங்கள். பழைய லேண்ட் ரோவர்களில் கூரைக்கு மேலே இடைவெளி விட்டு இரண்டாம் கூரை ஒன்றைப் பொருத்தினார்கள். வெயிலை மேல்தகடு வாங்கிக்கொள்ளும். நடுவில் காற்று ஓடும். நான் சூரிய மின்பலகைகளை நான்கு விரற்கடை உயரத்தில் தூக்கிக் கூரை முழுவதையும் மூடியிருக்கிறேன். மின்சாரமும் வருகிறது, நிழலும் வருகிறது.

வண்டியை நிறுத்தும் திசையையும் பாருங்கள். நம் ஊரில் ஆண்டின் பெரும்பகுதி நண்பகலில் வடபுறத்தில் நிழல் விழும். பெர்த்தில் ஆண்டு முழுவதும் நண்பகலில் வடபுறத்திலிருந்துதான் வெயில். ஊர்ப் பழக்கத்தில் ஃபிரிட்ஜ் இருக்கும் பக்கத்தை வடக்கே திருப்பி நிறுத்திவிட்டு மாலையில் வருந்தியவர்களை நான் அறிவேன்.

இந்த மாநிலத்துத் தங்கவயல்களில் 1890-களில் ஈரச் சாக்கைச் சுற்றித் தொங்கவிட்ட கூல்கார்டி பெட்டியில்தான் இறைச்சியையும் வெண்ணெயையும் வைத்திருந்தார்கள். வறண்ட காற்றுள்ள இடத்தில் ஈரத்துணி செய்யும் வேலையை நம் மண்பானையை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நிறுத்திய வண்டியின் கூரைமேல் ஈரச் சாக்கு விரித்துப் பாருங்கள்.

செம்மண்தடம்:
ஐயா, நிழலைப் பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பாலைநிலத்தில் குடிநீரைக் கூரைமேல் ஊற்றச் சொல்வதை ஏற்க முடியாது. பேச்சு வேறு பக்கம் போனதில் நெய்தல்மகன் விடையளிக்காமல் தப்பிவிட்டார். எந்தத் துளை?

வன்னிக்காடு:
குடிநீரை ஊற்றச் சொன்னேனா? பாத்திரம் கழுவிய நீரைச் சொல்கிறேன். எழுதாததை எழுதியதாகச் சொல்வது முறையன்று.

நெய்தல்மகன்:
நான் தப்பவில்லை. உங்கள் ஃபிரிட்ஜ் 11 டிகிரிக்குப் போனதற்குத் தூசி காரணமே இல்லை என்பது என் கருத்து. அப்போது நீங்கள் எல்லோருக்கும் 6 மி.மீ. கேபிளைப் பரிந்துரைத்துக்கொண்டிருந்தீர்கள். இந்நாட்டுக் கடைகளில் 6 மி.மீ. வாகனக் கேபிள் என்றால் அது உறையோடு சேர்த்த விட்டம், செம்பின் பரப்பு சுமார் 4.6 சதுர மி.மீ. மட்டுமே. மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் இறங்கி, கம்ப்ரசர் பாதுகாப்புக்காக நின்றிருக்கும். என் இணைப்பைத் தவறென்று சொன்னவரின் இணைப்பு இதுதான்.

செம்மண்தடம்:
அந்த வேறுபாட்டை எனக்கே கற்பிக்கிறீர்களா? பேட்டரியிலிருந்து பெட்டி வரை 6 மீட்டர், போய்த் திரும்ப 12 மீட்டர். 4.6 சதுர மி.மீ. செம்பில் 4.5 ஆம்பியர் ஓடினால் இறங்குவது 0.2 வோல்ட். அதற்காக எந்தக் கம்ப்ரசரும் நிற்காது. கண்டென்சரைத் தூரிகையால் சுத்தம் செய்த அன்றிரவே அதே கேபிளில் அதே பெட்டி 3 டிகிரிக்கு இறங்கியது. மூன்று ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்ததை இப்போது கொட்டிவிட்டீர்கள். துளைக்கு மட்டும் இன்னும் விடை வரவில்லை.

வெப்பக்கணக்கு:
நான் கேட்ட வரையறையை யாரும் பொருட்படுத்தவில்லை. விசிறி எத்திசையில் இருந்தாலும், ஃபிரிட்ஜின் காற்றுவாயைச் சுற்றி இடம் இருக்கிறதா? வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதி அதே பெட்டியின் நுழைவாய்க்குள் திரும்பினால், கேனோபி 35 டிகிரியில் இருந்தாலும் கண்டென்சருக்குக் கிடைப்பது அதைவிடச் சூடான காற்றுதான். இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புப் பலகை வைத்தவர் இங்கே எவராவது உண்டா? வெப்பத்தடுப்பு உறை போட்டிருப்பவர்கள், அது அந்த வாய்களை மூடாமல் இருக்கிறதா என்றாவது பார்த்தீர்களா?

நெய்தல்மகன்:
வரும் ஜனவரியில் மீண்டும் மேற்கே போகிறேன். இம்முறை மண்சாலை வழியாகவே போய், விசிறியை வெளிநோக்கியே ஓடவிட்டு, நான்கு வெப்பமானிகளின் அளவுகளையும் இங்கே இடுகிறேன். என் கேனோபியின் இடுக்குகளுக்கெல்லாம் இந்த வாரம் புதிய ரப்பர் போட்டிருக்கிறேன், தூசி வராது.

செம்மண்தடம்:
எல்லா இடுக்கையும் ரப்பரால் அடைத்துவிட்டு, விசிறியை வெளிநோக்கியும் ஓடவிடப் போகிறீர்கள். நல்லது. வெப்பமானிகளோடு, காற்று உள்ளே வரும் அந்தத் துளையையும் படமெடுத்து இடுங்கள்.