மெர்காப்டோபியூரின் அளவைக் குறைத்தால் மகளின் சிகிச்சை வலுவிழக்குமா?

கேள்வி:
ஏழு வயதான என் மகள் லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய் திரும்பாமல் தடுக்கும் பராமரிப்புச் சிகிச்சையில் இருக்கிறாள். அதற்கான மெர்காப்டோபியூரின் மாத்திரை தொடங்கிய மூன்றாம் வாரத்திலேயே நியூட்ரோபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளணு) எண்ணிக்கை 300க்குக் கீழே போய்விட்டது. நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கியபோதும் அதுவே நடந்தது. இம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் டிபிஎம்டி என்ற நொதிக்கான பரிசோதனையில் குறையில்லை. என்யூடிடி15 மரபணுவின் இரு பிரதிகளிலும் மாற்றம் இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. வழக்கமான அளவில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போதும் என்கிறார் மருத்துவர். இவ்வளவு குறைந்த மருந்தில் நோய் திரும்பிவிடுமோ என்று அஞ்சுகிறேன்.

பதில் 1 (மருந்தாளுநர்):
அம்மா, உங்கள் அச்சம் புரிகிறது. ஆனால் எத்தனை மில்லிகிராம் விழுங்குகிறாள் என்பதை விட, செல்லுக்குள் எவ்வளவு மருந்து வேலை செய்கிறது என்பதே முக்கியம். இம்மருந்து உடலில் தயோகுவானின் நியூக்ளியோடைடாக மாறி, டிஎன்ஏவுக்குள் நுழைந்து செல்லை அழிக்கிறது. அப்படி நுழையும் முன்பே அதன் ஒரு பகுதியைச் செயலிழக்கச் செய்வதுதான் என்யூடிடி15 நொதியின் பணி. அந்தத் தடுப்பு உங்கள் மகளிடம் இல்லாததால், சிறிய அளவே அவளுக்கு முழு அளவாகிறது. ஐரோப்பியரிடம் டிபிஎம்டி குறைபாடே அதிகம் பேசப்பட்டது. என்யூடிடி15 மாற்றம் கிழக்காசியரிடமும் தெற்காசியரிடமும் கூடுதலாகக் காணப்படுவது 2014க்குப் பிறகே தெளிவானது. ஆகவே நம் குழந்தைகளுக்கு பரிசோதனையை டிபிஎம்டியோடு நிறுத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரு பிரதிகளிலும் மாற்றம் உள்ளவர்களுக்கு ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமில் தொடங்கலாம் என்பதே சர்வதேச வழிகாட்டுதல்.

பதில் 2 (ஒரு தந்தை):
என் மகனுக்கும் இதே மாற்றம்தான். அளவை மாற்றிய பின் இரத்த எண்ணிக்கை நிலைபெறச் சில வாரங்கள் ஆயின. இடையில் நாங்களாக மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ இல்லை. வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை தவறாமல் செய்தோம்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. அவளுடைய தம்பிக்கும் பரிசோதனை தேவையா?

பதில் 1:
இந்தக் குறைபாடு தனியாக எந்த நோயையும் உண்டாக்குவதில்லை, அவசரமில்லை. பெற்றோர் இருவரிடமும் தலா ஒரு பிரதியில் மட்டும் மாற்றம் இருக்குமானால், அவனுக்கும் இரு பிரதிகளிலும் வருவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. பிற்காலத்தில் குடல் அழற்சிக்கோ வேறு நோய்க்கோ அசாதையோபிரின் எழுதப்பட்டால், அதுவும் உடலில் மெர்காப்டோபியூரினாகவே மாறும் என்பதால், மாத்திரை தொடங்கும் முன் அக்காளின் அறிக்கையை மருத்துவரிடம் காட்டுங்கள்.