தொண்டிக் கடலோரம்: நான்கு ஓத மாதிரிகளும் எஸ்2 கூறில் ஒரே பக்கமாக விலகுவது ஏன்?

கேள்வி (காரைக்குடி)

வணக்கம். எஃப்.இ.எஸ்.2014, டி.பி.எக்ஸ்.ஓ.9, ஈ.ஓ.டி.20, ஜி.ஓ.டி.4.10 ஆகிய, கடல் ஏற்றவற்றத்தைக் கணிக்கும் உலக ஓத மாதிரிகளில் எது பாக் விரிகுடாவின் கரையோரத்திற்கு நன்கு பொருந்துகிறது என்று அறிவதற்காக, தொண்டிப் படகுத்துறைத் தூணில் நீரழுத்த உணரியைக் கட்டி, மார்ச் தொடக்கம் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அளவெடுத்தேன். அளவீட்டை ஓதத்தின் தனித்தனி அலைக் கூறுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் வீச்சையும் (அலையின் அளவு) கட்டத்தையும் (உச்சம் வரும் நேரம், பாகையில்) மாதிரிகளோடு ஒப்பிட்டேன். சந்திரனால் நாளுக்கு ஏறத்தாழ இருமுறை வரும் எம்2 கூறில் மாதிரிகள் தங்களுக்குள்ளேயே வேறுபடுகின்றன. சூரியனால் நாளுக்கு இருமுறை வரும் எஸ்2 கூறிலோ நான்கும் நெருங்கி நிற்க, என் அளவீடு மட்டும் கூடுதலாக இருக்கிறது. நாளுக்கு ஏறத்தாழ ஒருமுறை வரும் கே1 கூறில் குறைவாக இருக்கிறது. கரையோரத்தில் மாதிரிகள் பிழைபடுகின்றன என்று ஆய்வேட்டில் எழுதலாமா?

மறுமொழி (தேவகோட்டை)

இப்போது எழுத வேண்டாம், தம்பி. இந்திய நேரத்தை உலக நேரமாக மாற்றாமல் விட்டிருந்தால் எம்2 கட்டம் சுமார் 159 பாகையும், கே1 கட்டம் சுமார் 83 பாகையும் விலகியிருக்கும். நீங்கள் சொல்வது வீச்சில் உள்ள வேறுபாடு என்பதால் அந்தச் சந்தேகத்தை விட்டுவிடலாம்.

எஸ்2 கூறையும், அதற்கு மிக நெருங்கிய காலமுடைய கே2 கூறையும் பிரித்தறிய ஏறத்தாழ 183 நாள் அளவீடு வேண்டும். கே1, அதற்கு மிக நெருங்கிய பி1 என்ற இணைக்கும் அதே கணக்குத்தான். ஒன்றரை மாதத்தில் இவை ஒன்றாகக் கலந்தே தெரியும். ஓதக் கோட்பாட்டின்படி கே2 வீச்சு எஸ்2 வீச்சில் ஏறத்தாழ 27 விழுக்காடு. பி1 வீச்சு கே1 வீச்சில் 33 விழுக்காடு. சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேராக வரும் மார்ச் மாதத்தில் கே2, எஸ்2 கூறோடு கூடுகிறது. பி1, கே1 கூறிலிருந்து கழிகிறது. எஸ்2 கூடுதல், கே1 குறைவு என்று நீங்கள் கண்டதும் இதுவே. டிசம்பரில் அளந்திருந்தால் இரண்டும் தலைகீழாக வந்திருக்கும். பகுப்பாய்வு மென்பொருளில் அனுமான முறையை (தெரிந்த விகிதத்தைக் கொண்டு கலந்த கூறுகளைப் பிரிப்பது) பயன்படுத்தி, இந்த விகிதங்களையோ, அவற்றைவிட நல்லதாக மாதிரிகளே தரும் விகிதங்களையும் கட்ட வேறுபாடுகளையுமோ கொடுத்துப் பிரித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி (கானாடுகாத்தான்)

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன்; ஆனால் எல்லா விலகலும் அதனால்தான் என்று கொள்ள வேண்டாம். உங்கள் உணரி முழு அழுத்தத்தை அளப்பதாக இருந்தால், காற்றின் அழுத்தமும் அதில் சேர்ந்திருக்கும். நம் பக்கத்தில் காற்றழுத்தம் காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் உச்சத்தை அடைகிறது. இந்தப் பன்னிரண்டு மணி நேரச் சுழற்சி எஸ்2 காலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. அதன் வீச்சு ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல். நீரில் அது ஒரு சென்டிமீட்டர். திறந்த கடலில் இதைப் பொருட்படுத்தாமல் விடலாம். ஓதமே சிறிதாக உள்ள பாக் விரிகுடாவில் விட முடியாது.

மாதிரிகள் ஒத்துப்போவதை நான்கு தனித்தனிச் சாட்சிகளாக எண்ணவும் கூடாது. ஈ.ஓ.டி.20 மாதிரியே எஃப்.இ.எஸ்.2014 மாதிரியை அடிப்படையாக வைத்து, அதன் மீதான திருத்தமாகக் கணக்கிடப்பட்டது. நான்குமே 1992-இல் ஏவப்பட்ட டோபெக்ஸ்/பொசைடன் தொடங்கிய செயற்கைக்கோள் உயரமானித் தரவை (ரேடார் எதிரொலியால் கடல்மட்டத்தை அளப்பது) சார்ந்தவை. அதன் தடங்கள் நிலநடுக்கோட்டில் 315 கிலோமீட்டர் இடைவெளியில் செல்பவை. கரையை நெருங்கும்போது நிலத்தின் எதிரொலியும் கலந்துவிடும்.

கேள்வியாளர்

இருவருக்கும் நன்றி. உணரி முழு அழுத்தத்தை அளப்பதுதான். தொண்டியில் காற்றழுத்தமானி இல்லை. அந்த நாள்களில் காரைக்குடி வீட்டில் ஒன்று பதிவு செய்துகொண்டிருந்தது. அதைக் கழிக்கலாமா? எம்2 வேறுபாட்டை என்ன செய்வது?

மறுமொழி (கானாடுகாத்தான்)

தாராளமாகக் கழிக்கலாம். இந்தத் தொலைவில் அன்றாடச் சுழற்சி பெரிதாக மாறாது. காரைக்குடி கடல்மட்டத்திற்கு மேலே இருப்பதால் வரும் வேறுபாடு ஏறத்தாழ மாறிலி, ஓதப் பகுப்பாய்வில் நீங்கிவிடும். அந்தக் கருவி வளவில் வெயில் படும் பக்கத்தில் இருந்ததா என்பதை மட்டும் பாருங்கள். வெப்பத்தால் அளவு நகர்ந்திருந்தால் நாமே ஒரு போலி எஸ்2 சேர்த்ததாகிவிடும்.

எம்2 கூறில், மாதிரிகளின் வலைப்புள்ளி இடைவெளியை முதலில் பாருங்கள். ஜி.ஓ.டி.4.10 மாதிரிக்கு அரைப் பாகை, அதாவது சுமார் 55 கிலோமீட்டர், டி.பி.எக்ஸ்.ஓ.9 நுண் பதிப்புக்கு முப்பதில் ஒரு பாகை, நான்கு கிலோமீட்டருக்கும் குறைவு. தொண்டிக்கு உங்கள் நிரல் எடுத்த மதிப்பு உண்மையான கடல் புள்ளியிலிருந்து வந்ததா, கரைக்கு நீட்டிக் கணக்கிட்டதா என்று ஒவ்வொரு மாதிரிக்கும் தனியே குறியுங்கள். நுண்ணிய வலை என்பதாலேயே துல்லியம் என்றாகாது. ஆழம் இவ்வளவு குறைந்த விரிகுடாவில், கடலடி ஆழத் தரவு பிழையாக இருந்தால் நுண்ணிய மாதிரியும் அந்தப் பிழையை நுணுக்கமாகவே காட்டும். வீச்சையும் கட்டத்தையும் தனித்தனியே அட்டவணையிடாமல், இரண்டையும் சேர்த்த திசையன் வேறுபாட்டைக் கூறுவாரியாகக் கொடுங்கள்.